அமல்ராஜின் வெட் கிட் பிடிவாதம்

“கண்ணுக்குத் தெரியாத பெட்ரோல நம்பி என் ஷெட்டுல இன்னொரு இன்ஜின் சாவக் கூடாது. டிரை கிட்டுதான் ஓணும்னா வண்டியத் தள்ளிகினு போயிடும்மா.”

சொன்னவன் அமல்ராஜ். கேட்டுக்கொண்டிருந்தவள் வர்ஷா. அயனம்பாக்கம் ஏரியை ஒட்டிப் போகிற ரோட்டில் அவன் போட்டிருக்கும் தகர ஷெட்டில், பட்டப்பகலில், பக்கத்துப் பஞ்சர் கடை வரைக்கும் கேட்கிற மாதிரி இது நடந்தது. அவள் எழுந்து போகவில்லை. ஸ்பேனர் பெட்டி மேல் உட்கார்ந்தபடியே சொன்னாள்.

“இன்ஜினக் கழட்டி மேசை மேல வச்சிருக்கீய. வெறுங்கூட்டத் தள்ளிட்டுப் போயி நான் என்னத்த செய்ய, அண்ணாச்சி?”

அமல்ராஜ் மேசை மேலிருந்த இன்ஜினைப் பார்த்தான். அவனுக்கு வாய் இருக்கிற அளவுக்குப் பதில் எப்போதும் இருந்ததில்லை. அன்றைக்கு அந்தப் பெண் ரோஷப்பட்டு எழுந்து போயிருந்தால் அவன் ஷெட் இன்றைக்குப் பூட்டிக் கிடக்கும். போகாமல் இருந்தாளே, அதற்கே அவளைக் கும்பிடலாம்.

சண்டை எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். நைட்ரஸ் என்று ஒரு வாயு. சிலிண்டரில் அடைத்து வரும். அதை ஓடுகிற இன்ஜினுக்குள் விட்டால் பெட்ரோல் மூர்க்கமாக எரிந்து, பத்துப் பதினைந்து விநாடிக்கு வண்டி பேய் பிடித்த மாதிரி பாயும். பந்தயம் ஓட்டுகிறவர்கள் தடத்தில் வைத்து அடிப்பது. ஆனால் வாயு கூடினால் பெட்ரோலும் அதே அளவுக்குக் கூட வேண்டும். பெட்ரோல் குறைந்தால் உள்ளே சூடு ஏறி பிஸ்டன் மெழுகாக உருகிவிடும். இந்தக் கூடுதல் பெட்ரோலை எப்படிக் கொடுப்பது என்பதில்தான் இரண்டு கட்சி. வெட் கிட் என்றால் வாயுவையும் பெட்ரோலையும் ஒரே மூக்கில் சேர்த்துக் காற்றுப் போகிற குழாய்க்குள் பீய்ச்சுவது. டிரை கிட் என்றால் வாயு மட்டும் உள்ளே போகும். வண்டியில் ஏற்கெனவே இருக்கிற இன்ஜெக்டர்களே பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். எவ்வளவு கூட்ட வேண்டும் என்று வண்டியின் கம்ப்யூட்டருக்கு லேப்டாப் வைத்துச் சொல்லித் தர வேண்டும்.

அமல்ராஜ் வெட் கட்சி. வர்ஷா டிரை கட்சி.

அவன் முத்தாபுதுப்பேட்டையில் பிறந்தவன். எட்டாவதில் இங்கிலீஷ் வாத்தியார் அடித்த அடியில் பள்ளிக்கூடத்தை விட்டவன். பூந்தமல்லியில் ஒரு கார் பட்டறையில் கிரீஸ் துடைக்கப் போய், பதினாறு வயதில் கார்ப்பரேட்டர் பிரிக்கக் கற்றுக்கொண்டான். ஓடுகிற இன்ஜினில் காதை வைத்தால் எந்தத் திருகு கால் சுற்றுப் பிசகு என்று சொல்லிவிடுவான். அது உண்மை, நானே பார்த்திருக்கிறேன். ஆனால் லேப்டாப்பைக் கண்டால் பாம்பைக் கண்ட மாதிரி நகர்ந்து நிற்பான். தன் கையால் திருகி, தன் கண்ணால் குழாயைப் பார்த்தால்தான் அவனுக்கு நம்பிக்கை. வெட் கிட்டில் அது முடியும். டிரை கிட்டில் இன்னொருத்தன் தயவில் நிற்க வேண்டும். அந்த இன்னொருத்தன் யார் என்பதில்தான் வலி இருந்தது.

போன வருஷம் மே மாதம், திருநின்றவூரில் மரக்கடை வைத்திருக்கும் வெங்கட் என்பவனின் காருக்கு அமல்ராஜ் இன்ஜின் கட்டினான். லேப்டாப் வேலைக்கு பரத் என்கிற பையனைச் சேர்த்துக்கொண்டான். வேப்பம்பட்டுக்காரன், இருபத்தெட்டு வயது, படித்தவன், பயந்தவன். டிரை கிட் போட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரு தடத்தில் கால் மைல் பந்தயம். இரண்டாவது ஓட்டத்தில் ஒரு பிஸ்டன் உருகிப் புகை வந்தது. அமல்ராஜ் அத்தனை பேர் எதிரிலும் பரத்தைப் பார்த்து, பொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடு, என் மூஞ்சியில் முழிக்காதே என்று கத்தினான். பையன் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டான்.

அதற்குள் உருகின பிஸ்டனின் படம், அமல்ராஜ் ஷெட் என்ற பெயரோடு, பந்தயக்காரர்கள் போன் எல்லாவற்றிலும் போய்விட்டது. அப்புறம் ஒருத்தனும் இன்ஜின் வேலைக்கு வரவில்லை. ஆயில் மாற்று, பிரேக் பார், அவ்வளவுதான். அம்பத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற வேலைக்குப் போகும் அவன் பெண்டாட்டி வடிவு சம்பாதித்துத்தான் அந்த வருஷம் அடுப்பு எரிந்தது. ஒரு நாள் கூட அவள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அவள் வாய் எனக்குத் தெரியும். சொல்லாமல் இருக்க அவள் எவ்வளவு பாடுபட்டிருப்பாள் என்பதும் தெரியும்.

அந்த நேரத்தில்தான் வர்ஷா வந்தாள். பாளையங்கோட்டைப் பெண். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, ஏரிக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடியில் குடியிருப்பு. பழைய செடான் கார் ஒன்றை வாங்கி ஆயில் மாற்றக் கொண்டுவந்தாள். அமல்ராஜ் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, ஏற்கெனவே ஒருத்தன் திறந்து தப்பாக மூடியிருக்கிறான் என்றான். அவள் மூடியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். அவன் சொன்னது சரி. மறுநாளே, மே கடைசிப் பந்தயத்துக்கு எனக்கு இன்ஜின் கட்டித் தாங்க, கால் மைலைப் பதினாலு விநாடிக்குள் ஓட வேண்டும் என்று வந்து நின்றாள். உருகின பிஸ்டன் படத்தைப் பார்த்தாயா என்று அவனே கேட்டான். பார்த்தேன், அதற்கென்ன என்றாள்.

இதுவும் வெடித்தால் ஷெட்டைப் பூட்டிவிட்டு அம்பத்தூர் தொழிற்பேட்டையில், எஸ்டேட் என்பார்கள், அங்கே ஒப்பந்தக் கூலியாகப் போவது என்று அவன் முடிவு கட்டியிருந்தான். மேஸ்திரியிடம் பேசியும் வைத்துவிட்டான். வடிவுக்கு மட்டும் தெரியும். அதனால்தான் வெட் கிட் என்று அப்படி நின்றான்.

வர்ஷாவின் கட்சியிலும் நியாயம் இருந்தது. காற்றை இன்ஜினின் நாலு சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுக்கிற குழாய்க் கூட்டம் ஒன்று உண்டு, மேனிஃபோல்டு என்பார்கள். இந்தக் காரில் அது பிளாஸ்டிக். கீழே இறங்கி, வளைந்து, மறுபடி மேலே ஏறும். காற்று மட்டும் போவதற்குச் செய்தது. அதில் பெட்ரோலைப் பீய்ச்சினால் வளைவில் தேங்கும், தேங்கினதில் இன்ஜினுக்குள்ளிருந்து தீ திரும்பி அடித்தால் மேனிஃபோல்டே வெடித்துச் சிதறும் என்றாள். தேங்காது, பறந்துவிடும் என்றான் இவன். இரண்டு நாள் இதே பேச்சு.

மூன்றாம் நாள் வேலை முடிந்து ஷெட் பக்கம் வந்த வடிவு, கைப்பையைக் கூடக் கீழே வைக்காமல் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“யோவ், தேங்குமா தேங்காதான்னு ரெண்டு நாளா இன்னாத்துக்குக் கத்திகினு கீற? எங்க லாண்டரில பெரிய மிஷின்ல எந்த மூலைல தண்ணி நிக்குதுன்னு பாக்கணும்னா நீலத்த கலந்து உட்டுப் பாப்போம். நின்ன எடத்துல கறையாவும். நீயும் உட்டுப் பாரேன்.”

“இது இன்னா போர்வையா, நீலம் போட?”

“போர்வைய ஒழுங்கா அலசத் தெரிஞ்சவ சொல்றேன். நீ ஒரு இன்ஜின ஒழுங்கா அலசு பாப்போம்.”

வர்ஷா சிரிக்கவில்லை. அக்கா சொல்லுததுதான் சரி என்று எழுந்துவிட்டாள். பழைய வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டைக்குப் போய் அதே மாதிரி மேனிஃபோல்டு ஒன்று, திருகு மாட்டுகிற காது உடைந்தது, வாங்கிவந்தார்கள். அமல்ராஜ் அதன் ஒரு பக்கத்தை ரம்பத்தால் அறுத்து எடுத்துவிட்டு, கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் தகட்டை ஒட்டினான். வர்ஷா தன் வீட்டில் தூசி உறிஞ்சுகிற மிஷினைக் கொண்டுவந்தாள். அது இன்ஜின் காற்றை இழுப்பது போல இழுத்தது. வெட் கிட்டின் மூக்கை அதன் இடத்தில் செருகி, நீலம் கலந்த தண்ணீரைப் பெயின்ட் அடிக்கிற கம்ப்ரஸரால் பீய்ச்சினார்கள்.

மூன்றாவது குழாயின் வளைவில் நீலம் நின்றது. ஒரு கரண்டி அளவுக்குக் குளம் கட்டி நின்றது. முதல் குழாயில் கறையே இல்லை.

அமல்ராஜ் கிட்டின் மூக்கை இடம் மாற்றினான். திருப்பி வைத்தான். அழுத்தத்தைக் குறைத்தான், கூட்டினான். மூக்கை எங்கே வைத்தாலும் நீலம் அதே வளைவில்தான் போய் நின்றது. கடைசியில், இது தண்ணி, பெட்ரோல்னா ஆவியாகியிருக்கும் என்றான். நைட்ரஸ் பனி மாதிரிக் குளிர்ந்துதான் உள்ளே வரும், அதோடு சேர்ந்து வருகிற பெட்ரோல் எப்படி ஆவியாகும் என்று வர்ஷா கேட்டாள். அவன் வளைவைத் துடைத்தான். துடைத்த துணியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“டிரைதான்” என்றான். “இன்ஜெக்டர் நாலையும் எஸ்டேட்டுல குடுத்து ஒரே அளவா உடுதான்னு அளந்துட்டு வரேன். ஆனா லேப்டாப்புக்கு ஆளு?”

ஆள் யார் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் அமல்ராஜ் ரயிலேறி வேப்பம்பட்டில் இறங்கினான். பரத் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றான். உள்ளே கூப்பிடுவானோ மாட்டானோ என்று தெரியாதே. என்ன சொல்ல வேண்டும் என்று ரயிலில் யோசித்து வைத்ததெல்லாம் அவனைப் பார்த்ததும் போய்விட்டது. மன்னிப்பு என்ற வார்த்தை அவன் வாயில் பழக்கமில்லை. ஒரு வேலை கீது, வரியா என்று மட்டும் கேட்டான்.

பரத் கதவைப் பிடித்தபடி நின்றான்.

“ஒரு வருஷமா உன் நம்பர அழிக்கல அண்ணாத்தே. திட்டுறதுக்காச்சும் ஒரு தபா கூப்புடுவன்னு.”

அமல்ராஜ் தலையை ஆட்டினான். அப்புறம் உள்ளே போய்க் காபி குடித்தான். பரத்தின் அம்மா போட்ட காபி. அந்த அம்மாள் அடுக்களையை விட்டு வந்து முகத்தைக் காட்டவில்லை, ஆனால் சர்க்கரையைக் குறைக்கவும் இல்லை.

பரத் வந்தான். பத்து நாள் ராத்திரி ஏழு மணிக்கு மேல் ஷெட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டருக்கு அளவு சொல்லிக் கொடுத்தான். நைட்ரஸ் சிலிண்டரின் அழுத்தம் தொள்ளாயிரத்தைம்பது பவுண்டில் இருக்கும்போது எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று ஒவ்வொரு புள்ளியாகக் கட்டினான். இந்த முறை ஒன்றுகூடத் தவறக் கூடாது என்று, கிட்டோடு வந்த, செய்ய வேண்டியதை வரிசையாகப் போட்ட இங்கிலீஷ் பட்டியலைப் பெரிதாக அச்செடுத்துக் கையிலேயே வைத்திருந்தான். போன முறை எதையோ விட்டுவிட்டோம் என்று அவன் மனசில் ஒரு வருஷமாக அரித்துக்கொண்டிருந்தது. அவனும் தூங்கியிருக்க மாட்டான் பாவம்.

பந்தயத்தன்று பகல் பன்னிரண்டு மணி. தார் ரோடு செருப்பில் ஒட்டியது. வர்ஷாவின் முறைக்கு இன்னும் அரை மணி இருந்தது. அவள் ஹெல்மெட்டோடு காருக்குள். பரத் பட்டியலை வாசித்து ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு வந்தான். அமல்ராஜுக்கு அது வாசிக்கத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான், கையால் தொட்டுப் பார்ப்பது. டிக்கியைத் திறந்து, ஆயிலைத் தொடுவது போல, டயரைத் தொடுவது போல, நைட்ரஸ் சிலிண்டரையும் தொட்டான். வெயிலில் நின்ற பைக் சீட்டில் கை வைத்தவன் மாதிரிக் கையை உதறினான். அழுத்தம் காட்டுகிற முள்ளைப் பார்த்தான்.

“நைனா, இது எவ்ளோ இருக்கணும்?”

“தொள்ளாயிரத்தம்பது அண்ணாத்தே.”

“ஆயிரத்து முன்னூறு கீது.”

“இருக்காதே. லிஸ்ட்ல போட்ருக்கறபடிதான் பத்து நிமிஷம் முன்னாடி ஹீட்டர் போட்டேன். சிலிண்டர சூடு பண்ணணும்னு முதல் வரியே அதான்.”

“இந்த லிஸ்ட எழுதினவன் எந்த ஊர்ல குந்திகினு எழுதினான்?”

பரத் பட்டியலைப் பார்த்தான். எங்கேயோ பனி பெய்கிற ஊர்க்காரன் எழுதினது. அங்கே சிலிண்டர் குளிர்ந்து கிடக்கும், சூடு காட்ட வேண்டும். இங்கே மே மாதத்து மத்தியானம், மூடின டிக்கிக்குள், அதற்கு மேல் ஹீட்டர். அழுத்தம் ஏறினால் வாயு கணக்குக்கு மேல் பாயும். பெட்ரோல் மட்டும் தொள்ளாயிரத்தைம்பதுக்குக் கட்டின அளவிலேயே நிற்கும். அப்புறம் பிஸ்டன் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும்.

ஹீட்டர் ஒயரை அமல்ராஜ் பிடுங்கினான். பிடுங்கின கையோடு நின்றான்.

“போன வருஷம் வெங்கட் வண்டிக்கும் போட்டியா?”

“போட்டேன்” என்றான் பரத். “அன்னிக்கும் லிஸ்ட்தான் பாத்தேன்.”

சுற்றிலும் ஆட்கள். போன வருஷம் பார்த்த அதே ஆட்கள் பாதிப் பேர். அமல்ராஜுக்கு வாய் திறக்க இதைவிட நல்ல நேரம் வராது. உன்னால்தான் என்று கத்தியிருந்தால் அது பொய்யும் ஆகாது. ஆனால் அவன் வேறு ஒன்றை நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு வெங்கட் வண்டியைக் காலையிலிருந்து வெயிலில் நிறுத்தி வைத்தது அமல்ராஜ்தான். சிலிண்டரைத் தொட்டுப் பார்க்காததும் அவன்தான். வெட் கிட்டே போட்டிருந்தாலும் அந்த மூக்கின் பெட்ரோல் அளவும் அப்படியேதான் நின்றிருக்கும், பிஸ்டன் அப்படியேதான் உருகியிருக்கும். ஒரு வருஷம் தப்பான ஆளைத் திட்டி, தப்பான கிட்டை வெறுத்திருக்கிறான்.

“சிலிண்டரப் பத்தரமா டிக்கிய உட்டு எடு. நெழல்ல வை. கோணி எங்கனா கீதா பாரு” என்று பரத்திடம் சொல்லிவிட்டு, காருக்குள் இருந்த வர்ஷாவிடம், உன் முறையப் பத்து நிமிஷம் தள்ளிப் போடச் சொல்லிக் கேளும்மா என்று சொல்லிவிட்டு ஓடினான். நாற்பத்தேழு வயசு, முட்டி வலி, அந்த வெயிலில் கேட் வரைக்கும் ஓடினான்.

கேட்டுக்கு வெளியே கரும்பு ஜூஸ் வண்டி ஒன்று நின்றது. ஐஸ் பாதிக் கட்டி சாக்குக்குள் கிடந்தது. அதைக் கொடுத்துவிட்டால் சாயங்காலம் வரை வியாபாரம் போச்சு என்று வண்டிக்காரர் தர மறுத்தார். அமல்ராஜ் நின்று மூச்சு வாங்கிவிட்டு நடந்ததைச் சொன்னான். ஒரு பொண்ணு வண்டிக்குள்ள உக்காந்துகினு கீது, இது இல்லன்னா இன்ஜின் போச்சு என்றான். அந்த மனுஷன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, தானே கட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட வந்தார். அவர் பெயரைக் கூட அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நல்லா இருக்கட்டும் அந்த மகராசன்.

ஈரக் கோணிக்குள் ஐஸை உடைத்துப் போட்டு, சிலிண்டரை அதற்குள் படுக்க வைத்தார்கள். ஜூஸ்காரரோடு மூன்று பேரும் முள்ளைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். ஆயிரத்து இருநூறு. ஆயிரத்து நூறு. ஆயிரம். தொள்ளாயிரத்தைம்பதில் பரத் எடுத்துத் துடைத்து மாட்டினான். வர்ஷா பெயரை இரண்டாவது தடவை கூப்பிட்டுவிட்டார்கள்.

கார் போன சத்தத்தை அமல்ராஜ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். நாலு சிலிண்டரும் ஒரே குரலில் அடித்தது. நடுவில் நைட்ரஸ் திறந்தபோது குரல் உயர்ந்தது, உடையவில்லை. பலகையில் பதின்மூன்று புள்ளி எட்டு என்று வந்தது. கூட்டம் கத்தியது. அவன் பலகையைப் பார்க்கவே இல்லை. வண்டி திரும்பி வந்ததும் மூடியைத் திறந்து ஸ்பார்க் பிளக் நாலையும் கழற்றினான். நாலும் ஒரே மாதிரி, டீத்தூள் நிறத்தில் இருந்தன, பெட்ரோல் சரியாக எரிந்ததற்கு அதுதான் அடையாளம். மூன்றாவதை மட்டும் இரண்டு தடவை திருப்பிப் பார்த்தான்.

அப்புறம்தான் எழுந்து நின்று, சுற்றி நின்றவர்கள் கேட்கும்படி சொன்னான்.

“போன வருஷம் உருகினது பரத்தால இல்ல. டிரை கிட்டாலயும் இல்ல. வண்டிய வெயில்ல போட்டவன் நானு. இத்தயும் போட்டோ புடிச்சி அனுப்புங்க.”

பரத் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு லேப்டாப்பை மூடினான். மூடி முடிக்க நேரமாயிற்று. வர்ஷா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வடிவுக்குப் போன் போட்டு, அக்கா, உங்க நீலம் செயிச்சிட்டு என்றாள். அந்தப் பக்கம் வடிவு என்ன சொன்னாளோ, அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

அமல்ராஜ் எஸ்டேட் மேஸ்திரியிடம் போகவில்லை. அடுத்த மாதம் ஷெட்டில் இரண்டு இன்ஜின் பிரித்து வைத்திருந்தது. ஆனால் பந்தயம் முடிந்த அன்றைக்கு அவன் செய்த முதல் காரியம், கரும்பு ஜூஸ்காரரைத் தேடிப் போனதுதான். ஐஸ் இல்லாமல், ஜூஸ் வியாபாரத்தை மூடிவிட்டு, வேடிக்கை பார்த்துக்கொண்டு அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். கட்டிக்கு எவ்வளவு என்று கேட்டு, சொன்னதை அப்படியே எண்ணிக் கொடுத்தான். பேரம் பேசாமல் அமல்ராஜ் ஒரு பொருள் வாங்கினதை வடிவு இன்றைக்கும் நம்புவதில்லை. பாதிக் கட்டி ஐஸ், நூற்று எண்பது ரூபாய்.